அந்த அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

ஊசி போடவும் சேலைன் ஏற்றவும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். என் கை எப்போதுமே கொஞ்சம் முரட்டுக் கை. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மிஸ் என்று கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதெல்லாம் 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும். எங்கள் காலத்தில் நாங்கள் ஒன்றும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. அதற்கு நானே சாட்சி.

ஆகவே ஒரேயொரு சொல்லைப் பற்றி எழுதித் தருகிறேன். அந்தச் சொல் 'ஏலாது'.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் 'முடியாது', 'முடியல' என்போம். யாழ்ப்பாணத்து ஆட்கள் 'ஏலாது' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை செய்த இடத்தில் பல நாட்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கட்டிலில் இருப்பவர் தமிழில் ஏதாவது முனகினால் போதும், 'மிஸ்ட தெமள புளுவன்' என்று யாராவது கத்துவார்கள். மிஸ்ஸுக்குத் தமிழ் முடியும் என்று அர்த்தம்; தாதி என்றால் எல்லோருக்கும் மிஸ்தான். நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு ஓடுவேன். சும்மா சொல்லக் கூடாது, அப்படிக் கூப்பிடும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். டொக்டரும் நோயாளியும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் அந்த இடத்துக்கே நான்தான் பெரிய ஆள்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். சிறுநீரகக் கல்லோடு வருகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். எங்களுக்கோ, கோபிக்காதீர்கள், கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அது ஆளைக் கொல்லுகிற வருத்தம் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வத்தளைப் பக்கத்து பஸ் கொண்டக்டர் ஒருவர் வந்தார். மலை மாதிரி ஆள். எழும்பினார், இருந்தார், படுத்தார், ஒரு கட்டத்தில் ட்ரொலிக்குக் கீழே தவழ்ந்துபோய் அதன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊசி போட்டு முக்கால் மணித்தியாலத்தில் குறட்டை. எழும்பியதும் என்னை அம்மா என்று கூப்பிட்டுக் கும்பிட்டார். அவருக்கு மகள் வயதுகூட எனக்கு அன்று இல்லை.

அந்தக் கூத்தைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டு நின்றபோது, அங்கே எனக்கு மூத்தவராக இருந்த ஒரு ஆண் தாதி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அதிகம் கதைக்காத மனிதர். உருளுகிறவனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உருள வேண்டியவன் அசையாமல் கிடந்தால் உடனே டொக்டரைக் கூப்பிடு என்றார். அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். மறக்கவும் இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு நானே அதை எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரியாமல் விட்ட பிழை இல்லை இது என்று நீங்கள் விளங்கிக்கொள்வதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். ஒரு த்ரீவீலர் கவிழ்ந்து அதில் வந்த மூன்று பேரும் உள்ளே கிடந்தார்கள். ஒரு குழந்தை வலிப்போடு வந்திருந்தது. இடையில் ஒரு தமிழ்க் கணவனும் மனைவியும் வந்தார்கள். வெள்ளவத்தை விலாசம். அவருக்கு எழுபது வயது இருக்கும். மெலிந்த மனிதர், சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். இடது கையால் நாரியை, அதாவது இடுப்புக்குப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தார். அந்த அம்மாவின் கையில் ஒரு பையும் பார்லித் தண்ணீர்ப் போத்தலும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பார்த்தவுடன் தமிழ் என்று தெரிந்துவிட்டது. யாரும் என்னைக் கூப்பிட முன்பே நான் போய்விட்டேன்.

என்ன செய்கிறது ஐயா என்று கேட்டேன். அவர் வலியோடு சிரித்தார்.

"பழைய கல்லு, பிள்ளை. பதினொரு வருசத்துக்குப் பிறகு விலாசம் தேடி வந்திட்டுது."

நானும் சிரித்தேன். அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, டிக்கெட்டின், அதாவது நோயாளியின் பதிவுத் தாளின், மேல் மூலையில் 'பழைய கல்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலை இல்லை. நேரம் மிச்சம் என்று எழுதினேன்.

டொக்டர் இளம் பிள்ளை, சிங்களவர், கெட்டிக்காரர். முந்தின நாளிலிருந்து நின்ற நிலையில் நின்றவர். டிக்கெட்டின் மூலையைப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார், வலிக்கு ஊசியும் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதினார். திரும்பிப் போகப் போனவர் நின்று, முந்தி வந்த நோவும் இதுவும் ஒரே மாதிரியா என்று கேளுங்கள் மிஸ் என்றார். கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

நான் தமிழில் கேட்டேன். ஐயா, ஓம் ஓம், அதேதான் என்றார். அந்த அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்லைப் பிள்ளை. அந்த முறை இவர் நிலத்தில உருண்டு துடிச்சவர். இப்ப அசையவே பயப்பிடுறார். விடிய பாத்ரூம் வாசல்ல ஏலாமல் வந்து அப்பிடியே இருந்திட்டார். வேர்த்துக் கொட்டினது."

இவவுக்கு எல்லாத்துக்கும் பயம் என்று ஐயா கையை ஆட்டினார். அதே நேரம் எங்கள் பின்னால் அட்டெண்டன் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வந்து, விலகி நிற்கும்படி சிங்களத்தில் கத்தினான். அந்த அம்மா சட்டென்று விலகி, தன் பையையும் தூக்கிக்கொண்டார். நான் டொக்டரிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னேன்: அதே பழைய கல்தான் டொக்டர், காலையில் வலியில் நிற்க முடியவில்லையாம்.

நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பாஷை தெரியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா நாலு விஷயம் சொன்னார். நான் ஒன்றைச் சொன்னேன், அதையும் பிழையாகச் சொன்னேன். உருளவில்லை என்பதை விட்டேன். அசையப் பயப்படுகிறார் என்பதை விட்டேன். வேர்த்ததை விட்டேன். ஏன் விட்டேன்? டொக்டருக்கு நேரமில்லை, பெண்சாதிமார் இப்படித்தான் புலம்புவார்கள், நோயாளியே அதே கல் என்று சொல்லிவிட்டார். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நொடியில் என் தலை போட்டுவிட்டது. அந்தக் கணக்கைப் போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஊசி போட்டேன். நோவு கொஞ்சம் குறைந்தது என்றார். அசையாமல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். ஊசி வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம். ப்ரெஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதுவும் ஊசியால்தான் என்று எழுதி வைத்தேன். அந்த அம்மா என்னைத் தேடி இரண்டு தடவை வந்தார். முதல் தடவை நான் குழந்தையோடு நின்றேன். இரண்டாம் தடவை, பிள்ளை, ஒருக்கா டொக்டரைக் கூப்பிடுங்கோ என்றார். ஐயா தூங்கட்டும், நீங்க வெளிய போய் உக்காருங்கம்மா என்றேன். சின்னப் பிள்ளையை விளையாட அனுப்புகிற குரலில் சொன்னேன். அந்தக் குரல் இப்போதும் என் காதில் கேட்கிறது, எனக்கே என்னை அடிக்க வேண்டும் போலிருக்கும்.

அவர் வெளியே போனார். சொன்னதைக் கேட்கிற மனுசி.

கொஞ்ச நேரத்தில் ஐயா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"பிள்ளை, ஏலாமல் வருது."

வலி தாங்க முடியவில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன். கொஞ்சம் பொறுங்க ஐயா, டொக்டர்கிட்ட கேட்டு இன்னொரு ஊசி போடுறேன் என்று சொல்லிவிட்டு நாலு எட்டு வைத்திருப்பேன். ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. ஓடிவந்து வயிற்றில் கை வைத்தால் பலகை மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம், மின்னலாகச் செய்தோம். டொக்டர் ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டு சத்திரசிகிச்சை டொக்டரைக் கூப்பிட்டார். ஏற்றுவதற்கு இரத்தம் வந்தது. ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். தியேட்டர் வாசலில் அவர் போய்விட்டார்.

கல் இல்லை. வயிற்றுக்குள் போகிற பெரிய இரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தது. விடியற்காலையிலேயே முதுகுப் பக்கமாகக் கசியத் தொடங்கியிருக்கிறது. அந்த நோவும் கல் நோவு மாதிரியேதான் நாரியில் தொடங்கும். ஆனால் அதோடு வருகிறவர்கள் உருள மாட்டார்கள். பலருக்கு முதலில் ஒரு மயக்கம் வரும், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கிற நேரம். ஐயாவின் அந்த நேரம் என் கையில் கிடந்தது.

டொக்டர் கை கழுவிக்கொண்டு நின்றவர் திரும்பாமலே கேட்டார், காலையில் 'கலந்தே' வந்ததாக யாரும் சொல்லவில்லையே மிஸ் என்று. சிங்களத்தில் மயக்கத்துக்கு அப்படிச் சொல்வார்கள். இல்லை டொக்டர் என்றேன். தெரிந்து சொன்ன பொய் இல்லை அது, யாரும் மயக்கம் என்று சொன்னதாக எனக்குத் தெரியாது.

பிறகு அந்த அம்மாவிடம் போனேன். டொக்டர் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அந்தத் தடவை ஒரு சொல்லும் விடவில்லை. அவர் அழவில்லை. போத்தலின் மூடியைத் திறந்தார், மூடினார். டொக்டர் போன பிறகு என்னைக் கேட்டார்.

"நான் சொன்னதை டொக்டருக்குச் சொன்னனீங்கள்தானே, பிள்ளை?"

"சொன்னேன்மா."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சரி பிள்ளை என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான்தான் அவரைத் தேற்றியிருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் உடை மாற்றும் அறையில் வேறு வார்ட்டு மிஸ் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஏலாமல் வருது, ஏலாமல் வருது என்று வலியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் பாவம் என்றேன். அவள் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"வலியை இல்லை அக்கா. எங்கட வீடுகளில ஏலாமல் வருது எண்டால் கண் இருட்டி, உடம்பில பலமெல்லாம் இறங்கி, மயக்கம் வரப்போகுது எண்டு அர்த்தம்."

தமிழிலிருந்து சிங்களத்துக்குச் சொல்லத்தான் நான் தேவை என்று நினைத்திருந்தேன். தமிழிலிருந்து தமிழுக்கு எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. காலையில் அந்த அம்மா மயக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறார். சாவதற்கு முன் ஐயாவும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கும் நான் வலி என்று பெயர் வைத்தேன்.

மறுநாள் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். நானும் அந்த மூலையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் வயிற்றில் கை வைத்தேன் மிஸ் என்றார். பிறகு நடந்த கூட்டத்திலும் அவர் அதையே சொன்னார், நானும் என்னுடையதைச் சொன்னேன். எனக்குக் கிடைத்த தண்டனை சிறியது. சிறியதாக இருந்தது எனக்கு ஆறுதலாக இல்லை.

சொல்லாமல் விட்டது ஒருவரிடம் மட்டும்தான். விலாசம் எனக்கு மனப்பாடம். ஒருநாள் அதற்காகவே வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அந்த அம்மாவின் வீட்டு ஒழுங்கை முனைவரை போய், ஒரு கடையில் தேவையில்லாமல் ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். போய் என்ன சொல்வது, ஆறிவரும் புண்ணைக் கிளறுவதா என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். அப்பட்டமான பயம் பிள்ளைகளே, வேறொன்றுமில்லை.

அதற்குப் பிறகு வேலையில் நான் மாறினேன். டிக்கெட்டின் மூலையில் எதையும் எழுதியதில்லை. கூட வந்தவர் என்ன சொன்னாலும், அது புலம்பலாக இருந்தாலும், டொக்டருக்கு அப்படியே சொல்வேன். ஒரு சொல் எனக்குச் சரியாக விளங்காவிட்டால், அதை வேறு விதமாகச் சொல்லுங்க என்று வெட்கப்படாமல் கேட்பேன். மிஸ் இப்போது ரேடியோ மாதிரி என்று பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நீங்களும் ரேடியோவாகவே இருங்கள்.

ஓய்வு பெற்று சில மாதத்தில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனேன். என் முன்னால் யாரோ ஒரு பெண் பாகற்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அழகான சிங்களம். தெற்கே மாத்தறைப் பக்கத்து இழுவைகூட இருந்தது. மரக்கறிக்காரி சிரித்துச் சிரித்து விலையைக் குறைத்துக்கொண்டிருந்தாள். பேரம் முடிந்து அந்தப் பெண் திரும்பினார். நெற்றியில் பொட்டு இல்லை. அதனால் அடையாளம் காண ஒரு நிமிடம் பிடித்தது.

அவருக்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை. பிள்ளை, சுகமோ என்றார்.

எனக்கு வாயில் முதலில் வந்தது சுகம் விசாரிப்பு இல்லை. உங்களுக்குச் சிங்களம் தெரியுமா அம்மா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். ஐயா தெற்குப் பக்கத்து ரயில் ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்தவராம். இருபத்திரண்டு வருடம் அங்கேதான் இருந்தார்களாம். பிள்ளைகள் படித்ததும் அங்கேதானாம். ஐயாவுக்கும் நல்லாத் தெரியும், ஆனால் நோ வந்தால் ஆருக்கும் சொந்தப் பாஷைதானே வருது என்றார். நான் அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. பொட்டைப் பார்த்தேன், யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டேன், இவர்களுக்கு நான்தான் வாய் என்று முடிவு கட்டினேன்.

அப்படியென்றால் அன்று நான் டொக்டரிடம் சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் பொய் சொன்னபோது பொய் என்று தெரிந்துகொண்டே என் கையைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கம்மா, நீங்க சொன்னதை நான் சொல்லல என்று சந்தை நடுவில் நின்று சொன்னேன்.

"தெரியும் பிள்ளை. நான் பக்கத்திலதானே நிண்டனான். கலந்தே எண்டு ஒரு சொல்லு. என்ர வாய்வரைக்கும் வந்தது. தமிழ் மிஸ் எங்களுக்காகக் கதைக்கிறா, இடையில நான் கதைச்சால் அவவுக்கு மரியாதை இல்லை எண்டு விட்டிட்டன்." பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நான் அதைச் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பாரோ?"

மூன்று வருடமாக அந்த மனுசி இதைச் சுமந்திருக்கிறார். நான் என்னுடையதை மட்டும்தான் சுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொன்னால் அவருக்கு ஆறுதல். ஆனால் என் வாயிலிருந்து ஒரு பொய்யை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். தப்பியிருக்கலாம் அம்மா, நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நீங்க இல்லை, நான் என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார்.

மரக்கறிக்காரிக்கு நாங்கள் பேசிய தமிழ் விளங்கவில்லை. இரண்டு பெண்கள் தன் கடை வாசலில் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். யார் அம்மா இது, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டாள். அந்த அம்மா நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். என் தோளில் கை வைத்து, சிங்களத்தில் சொன்னார்: எங்கள் ஐயாவைக் கடைசி நேரத்தில் நன்றாகப் பார்த்துக்கொண்ட மிஸ்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் சிங்களம் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.